பின்பெட்டியில் பேட்டரி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் டிரெய்லர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு நல்ல ஆசையைக் கிளப்பியிருக்கும். கேரவன் என்றாலே படப்பிடிப்புக்கு வெளியே நிற்கும் நடிகர் வண்டி என்று இருந்த நினைப்பு மாறுவது நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு வரி அப்படியே விடக் கூடியதல்ல. 'கூரையில் இரண்டு பெரிய சோலார் பேனல், பின்பெட்டியில் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி இரண்டு. மின்சாரக் கவலை தீர்ந்தது' என்ற வரி. மின்சாரக் கவலை தீரும். வண்டி நேராகப் போகுமா என்கிற கவலை அன்றைக்கே ஆரம்பிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலியாக 750 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,000 கிலோ என்று தகட்டில் அடித்த சிறிய டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாம் ஏற்றக்கூடியது 250 கிலோ. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று, அமிலத்தோடு சேர்த்துச் சுமார் 60 கிலோ, இரண்டுக்கு 120. வீட்டு மாடியில் போடும் கண்ணாடிப் பேனல் ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது. இரண்டும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து 50. ஆக 170 கிலோ மின்சாரத்துக்கே போயிற்று. மிச்சம் 80. தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. வீட்டுக் கேஸ் சிலிண்டரில் வாயு 14.2 கிலோதான், ஆனால் இரும்போடு சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். பாய், தலையணை, பாத்திரம், துணி எதுவும் ஏறாமலேயே வரம்பு தாண்டிவிட்டது.

மொத்த எடை இதில் பாதிப் பிரச்சினைதான். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி மாட்டையே இழுத்தாட்டும். ஒற்றை அச்சு டிரெய்லரும் அதே வண்டிதான். டிரெய்லரின் மூக்கில் உள்ள பூட்டான கப்ளர், காரின் பின்னால் நீட்டியிருக்கும் இரும்புக் குண்டான டோ பால் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் முன்பாரம். ஐரோப்பிய முறைக் கப்ளர், 50 மி.மீ. பால் கொண்ட டிரெய்லர்களுக்கு இது ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,000 கிலோ வண்டிக்கு 50 முதல் 70 கிலோ. யூடியூபில் அமெரிக்கர்கள் சொல்லும் 10 முதல் 15 சதவீதம் அவர்களுடைய கனமான டோ பாருக்கும் (பாலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) லாரி போன்ற பிக்கப்புக்கும் உரியது. நம் ஊர்க் கார்களின் டோ பாரில் பால் தாங்கும் செங்குத்து எடை 75, 100 கிலோ என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டினால் டோ பார் கட்டிய இடத்தில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், விரிசல் விடலாம்.

இப்போது அந்த இரண்டு பேட்டரிகளை டிரெய்லரின் பின்பெட்டியில் வைப்போம். கப்ளரிலிருந்து அச்சு 3.2 மீட்டர்; அச்சிலிருந்து பின்பெட்டி 1.5 மீட்டர். 120 கிலோவை 1.5-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுத்தால் 56 கிலோ. அதாவது முன்பாரத்திலிருந்து 56 கிலோ கழிந்துபோகும். முன்பு 60 கிலோ இருந்த கப்ளரில் இப்போது 4 கிலோ. ஒரு தண்ணீர்க் குடத்தைப் பின்னால் நகர்த்தினால் அதுவும் இல்லை.

இந்த வண்டி அல்சூரிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்து போகும்போது ஒன்றுமே தெரியாது. ஓசூர் தாண்டி 75, 80 கி.மீ. வேகம் பிடித்து, ஒரு சொகுசுப் பேருந்து முந்திப் போகும்போது அதன் காற்று முதலில் டிரெய்லரின் பின்பக்கத்தைத் தள்ளும், அப்புறம் இழுக்கும். முன்பாரம் சரியாக இருந்தால் ஒரு ஆட்டத்தோடு நின்றுவிடும். இல்லாவிட்டால் வால் இடம் வலமாக ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அச்சிலிருந்து தள்ளி வைத்த எடை ஊஞ்சலில் தூரத்தில் உட்கார்ந்த ஆளைப் போல. ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். எதிர்த் திசையில் ஒடித்து ஒடித்துத் திருத்தப் பார்ப்பதும், காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கார் பக்கவாட்டில் மடங்குவதற்கான வழி.

முன்பாரத்தை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஊருக்குக் கிளம்பும் அளவுக்கு எல்லாவற்றையும் ஏற்றி, சமதளத்தில் டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, குளியலறையில் வைக்கும் எடை பார்க்கும் மெஷினைக் கப்ளருக்கு நேர்கீழே வையுங்கள். கப்ளருக்குள் நிற்கும்படி ஒரு மரக்கட்டையை வெட்டி அதன்மேல் நிறுத்துங்கள். கட்டையின் நீளம் முக்கியம்: காரில் மாட்டியிருக்கும்போது கப்ளர் எந்த உயரத்தில் நிற்குமோ, தரையிலிருந்து பாலின் நடுவரை ஏறக்குறைய 35 முதல் 42 செ.மீ., அதே உயரத்தில் நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்திருந்தாலும் தூக்கியிருந்தாலும் எண் பொய் சொல்லும். டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் ஜாக்கிச் சக்கரத்தை மெதுவாக மேலே சுற்றி, எடை முழுதும் கட்டைக்கு வந்ததும் படியுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியும் காலியாகவும் இரண்டு தடவை அளப்பது நல்லது. தொட்டி அச்சுக்கு நேராக இல்லாத வண்டிகளில் இரண்டு எண்ணும் வியப்பூட்டும். மொத்த எடைக்கு லாரிகள் ஏறும் எடைமேடை போதும். ஓசூர் சாலைப் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை. அவை 5 அல்லது 10 கிலோப் படிகளில்தான் காட்டும், மொத்த எடைக்கு அந்தத் துல்லியம் போதுமானது.

காருக்கும் இதே நெம்புகோல் கணக்கு உண்டு. பால், காரின் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.7 மீட்டர் என்றால், 60 கிலோ முன்பாரம் காரின் பின் அச்சில் 84 கிலோவாக இறங்கும். முன் அச்சில் 24 கிலோ குறையும். டிக்கியில் ஏற்கெனவே பெட்டிகள் அடுக்கியிருந்தால் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசும், முன்சக்கரப் பிடிப்பு மழையில் தளரும். விளக்கின் உயரத்தை ஒரு படி இறக்கவும், பின் டயர்களில் முழுச் சுமைக்கான காற்று வைக்கவும் மறக்க வேண்டாம்.

சரி, பேட்டரி இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். பேட்டரி வேண்டும், ஆனால் எவ்வளவு வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் கோடையில் ஒரு நாளைக்கு 450 வாட்-மணி. 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி 8 மணி நேரம்: 224. எல்.இ.டி. விளக்குகள் 60. தண்ணீர்ப் பம்ப் 20. போன்களுக்கும் ஒரு லேப்டாப்புக்கும் 150. சட்னிக்கு 750 வாட் மிக்ஸி 5 நிமிடம் ஓடினால் 62. டேபிள் டாப் கிரைண்டரில் மாவு ஆட்டத்தான் வேண்டும் என்றால் 150 வாட்டில் அரை மணி நேரத்துக்கு 75. எல்லாம் சேர்த்து 1,050 வாட்-மணிக்குள் அடங்கிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பையும் ஏசியையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். 2,000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். அந்தக் கம்பியின் தடிமனைப் பார்த்தாலே ஆசை விட்டுப்போகும். கேஸ் அடுப்பே போதும். அந்தச் சிலிண்டரையும் பேட்டரியையும் ஒரே பெட்டியில் வைக்காமல் இருந்தால் சரி.

100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி வைத்திருக்கும். அதில் 85 சதவீதம் எடுக்கலாம், சுமார் 1,090. எடை 12 கிலோ அளவில். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று தருவது 900 வாட்-மணி, எடை 60 கிலோ. இரண்டு வைத்தால் கூடுதல் மின்சாரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு மேல் தேவைப்படாத மின்சாரத்துக்காக 108 கிலோவைத் தொப்பூர் வழியாக இழுத்துப் போவானேன்? லித்தியத்தை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு போல்ட் போட்டு வைத்தால் முன்பாரம் ஓரிரு கிலோதான் மாறும். விலை அதிகம் என்பதை மறைக்கவில்லை.

அடுத்தது, அந்தப் பேட்டரியை நிரப்புவது. இங்கே கட்டுரை சூரியனை மட்டும் பார்த்துவிட்டு, முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை மறந்துவிட்டது. பெங்களூரிலிருந்து சேலம் 200 கி.மீ. சொச்சம், டிரெய்லரோடு 4 மணி நேரம். கார் மின்சாரத்தை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜில் அளவோடு தரும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று அந்த 4 மணி நேரத்தில் 1,000 வாட்-மணிக்கு மேல் ஏற்றிவிடும். போய்ச் சேரும்போது பேட்டரி நிறைந்திருக்கும். டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் கார் பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். காலியான லித்தியம் பேட்டரி கிடைக்கும் கரண்டையெல்லாம் விழுங்கும். சில்க் போர்டு நெரிசலில் எஞ்சின் ஐடிலில் நிற்க, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன்னைக் குளிர்விக்கும் வேகம் இல்லாமல் முழுக் கரண்டைத் தந்து தந்து கருகும். புதிய கார்களில் நேர்மாறான தொல்லை: ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 13-க்கும் கீழே இறக்கிவிடும், டிரெய்லர் பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது. இரண்டுக்கும் மருந்து அந்தச் சார்ஜர்தான்.

இதற்கான கம்பியில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 20 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் உள்ளே 25 ஆம்பியர் வாங்கும். கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர் வரை 8 மீட்டர், போகவர 16. 2.5 சதுர மி.மீ. கம்பியில் 2.8 வோல்ட் வழியிலேயே தொலையும்; சார்ஜர் வோல்டேஜ் குறைவு என்று நின்று நின்று ஓடும். 10 சதுர மி.மீ. தாமிரக் கம்பியில் 0.7 வோல்ட்தான் இழப்பு. காருக்கும் டிரெய்லருக்கும் இடையே கனத்த கரண்ட் தாங்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக். கார் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ், டிரெய்லர் பேட்டரி முனையில் இன்னொன்று. இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஒரே ஒரு ஃபியூஸ் போதாது. நடுவில் கம்பி உரசி நசுங்கினால் ஃபியூஸ் இல்லாத பக்கத்திலிருந்து தீ வரும்.

ஃபியூஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டு மின்சாமான் கடைகளில் எல்லாமே கிடைக்கும். அதில் வீட்டு ஏசி கரண்டுக்கான (மாறுமின்னோட்டம்) எம்.சி.பி., அதாவது கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்சும் அடக்கம். அதை வாங்கி, பேட்டரி தரும் நேர்மின்னோட்டமான டிசி வயரிங்கில் போடுகிறார்கள். ஏசி கரண்ட் வினாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடும், அதனால் எம்.சி.பி. திறக்கும்போது தீப்பொறி தானாக அணையும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. பொறி வில்லாக நின்று எரிந்து உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். டிசி என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். லித்தியம் பேட்டரியின் முனையில் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் போடுவது உத்தமம், ஏனென்றால் ஷார்ட் ஆனால் அந்தப் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். 1,000 வாட் இன்வர்ட்டருக்கு 125 ஆம்பியர் ஃபியூஸ், 35 சதுர மி.மீ. கம்பி, நீளம் ஒரு மீட்டருக்குள். இதைவிட மோசமான பழக்கம், சோலார் கம்பிக்கு வீட்டு மூன்று முள் பிளக் வைப்பது. பட்டறையில் கைக்குக் கிடைத்தது அதுதான் என்பதால் வைத்துவிடுவார்கள். ஊட்டி விடுதியில் யாராவது உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதை 230 வோல்ட் சுவர் பாயிண்ட்டில் சொருகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேனலுக்கு வருகிறேன். கூரைப் பேனலுக்கு மரநிழல் எதிரி. கோடைப் பயணத்தில் வண்டியை நிழலில் நிறுத்தத்தான் எல்லாருக்கும் ஆசை. நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரத்தடியிலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலிலும் கூரைப் பேனல் பெயருக்குத்தான் இருக்கும். 36 செல் பேனலில் பொதுவாக இரண்டு பைபாஸ் டயோடு, நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டுக் கரண்டை விடுபவை. ஒரே ஒரு செல்லை ஓர் அகல இலை மூடினாலும் பாதிப் பேனல் படுத்துவிடும். மடக்கும் 200 வாட் பேனல் 7, 8 கிலோதான். வண்டி நிழலில் நிற்க, பேனலை வெயிலில் போடலாம். பயணத்தின்போது அச்சுக்கு மேலே தரையில் படுக்க வைத்தால் உயரத்தில் ஒரு கிலோகூட இல்லை.

200 வாட் என்று எழுதியிருப்பதால் 200 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அது 25 டிகிரி செல் வெப்பத்தில் எடுத்த எண். ஏப்ரல் வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் போக, அங்கேயே 13 சதவீதம் குறையும். கம்பி, கண்ட்ரோலர், தூசி எல்லாம் கழித்து நாலில் மூன்று பங்கு என்று வைத்தால், நல்ல வெயில் நாளில் 5 மணி நேரக் கணக்கில் 750 வாட்-மணி. தேவை 1,050, தினம் 300 குறையும். பேட்டரியில் 1,090 இருப்பதால் மூன்று நாள் தாராளமாக ஓடும். ஜூலை, ஆகஸ்டில் மேகத்தில் 300 வாட்-மணி கிடைத்தால் பெரிது; அப்போது ஒன்றரை நாள். நான்கு நாள் தங்குகிறவர் நடுவில் ஒருமுறை சுவர் பாயிண்ட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளட்டும்.

சாய்க்கும் திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிசம்பரில் தெற்குப் பார்த்து 30 டிகிரி சாய்ப்பது சரி. ஆனால் பெங்களூரில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கும் நாள். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மே மாத விடுமுறையில் பேனலைத் தெற்கே சாய்த்து வைப்பது வெயிலுக்கு முதுகு காட்டுவது. அப்போது ஏறக்குறைய மட்டமாகவே வையுங்கள், தண்ணீர் வழியக் கொஞ்சம் சாய்வு போதும்.

மடக்கும் பேனல்களின் முதுகில் பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சிறிய பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் ஒட்டி வரும். அது 18 வோல்ட் பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பதால் 200 வாட்டில் 143-தான் வரும். அதோடு, கண்ட்ரோலர் வெயிலிலும் பேட்டரி 10 மீட்டர் தள்ளியும் இருந்தால், கம்பியில் விழும் வோல்டேஜ் அதற்குத் தெரியாது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து முன்கூட்டியே கரண்டைக் குறைத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்குப் பக்கத்தில் பேனல் அதிகம் தரும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கும் 75 வோல்ட், 15 ஆம்பியர் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் வையுங்கள். கழற்றாமல் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டுவதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு. எம்.பி.பி.டி. முன்னால் இருக்கும் கண்ட்ரோலரைப் பேனல் என்று நினைத்துத் தடவிக்கொண்டிருக்கும், இரண்டும் சண்டை போட்டுக் கொஞ்சம்தான் தரும். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை, கழற்றும்போது தலைகீழ். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை. ஈய பேட்டரிக்காக அவ்வப்போது வோல்டேஜைக் கூட்டும் ஈக்வலைஸ் அமைப்பை அணைத்துவிடுங்கள். பேனலிலிருந்து வரும் 10 மீட்டர் கம்பி 6 சதுர மி.மீ. என்றால் 11 ஆம்பியரில் இழப்பு 0.64 வோல்ட், 2.5 என்றால் 1.5 வோல்ட்.

டப்பா போன்ற ரெடிமேட் பவர் ஸ்டேஷன் வாங்குகிறவர்கள் அதன் சோலார் உள்ளீட்டு வரம்பைப் படிக்க வேண்டும். 28 வோல்ட் வரம்புள்ள டப்பாவில் ஓப்பன் சர்க்யூட்டில், அதாவது எதுவும் மாட்டாதபோது, 22.5 வோல்ட் காட்டும் பேனல் இரண்டைத் தொடராக மாட்டினால் 45 வோல்ட் போய் உள்ளே புகையும். இரண்டு பேனல் வேண்டுமென்றால் இணையாக. ஊட்டிக் குளிரில் காலையில் இந்த வோல்டேஜ் இன்னும் 5, 6 சதவீதம் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இழுவைப் பக்கம் செலவு குறைவு, கவனம்தான் அதிகம். டோ பார், பம்பர் பிராக்கெட்டில் வெல்டிங் வைத்ததாக இருக்கக் கூடாது. சேஸித் தண்டில், கம்பெனி விட்டிருக்கும் துளைகளில், தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்த போல்ட்டுகளால் பூட்டியிருக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர். முதல் 1,000 கி.மீ.க்குப் பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பெயின்டுக்கு மேல் இறுக்கிய போல்ட் பெயின்ட் நசுங்கியதும் தளரும். சந்தையில் 50 மி.மீ. பாலும் 2 அங்குலப் பாலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது. 50 மி.மீ. கப்ளர் அதில் முழுதாக உட்காராது, பூட்டிய மாதிரி மட்டும் இருக்கும். வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். தேய்ந்து 49-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். சாதாரணக் கப்ளருக்கு கிரீஸ் வேண்டும். ஆட்டத்தைக் குறைக்க உராய்வுக் கட்டை வைத்த ஸ்டெபிலைசர் கப்ளருக்கு கிரீஸ் விஷம். புதுப் பாலின் பெயின்டைக்கூட உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, உலர்ந்தபடி மாட்ட வேண்டும். கிரீஸ் பட்ட கட்டையைத் துடைத்துப் பயனில்லை, புதிதுதான். இன்னொன்று: ஸ்டெபிலைசர் தப்பான முன்பாரத்தைச் சரிசெய்யாது, ஆட்டம் தெரிவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒரு எடை, பிரேக் உள்ளதற்கு வேறு எடை என்று கார் கையேட்டில் இருக்கும். இழுக்கவே கூடாது என்று எழுதிய கார்களும் உண்டு. அதோடு பேச்சு முடிந்தது. நம் டிரெய்லர்களில் வரும் ஓவர்ரன் பிரேக், கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுவதைக் கொண்டே பிடிக்கும். இதைச் சரிசெய்யும்போது முதலில் சக்கரத்தைத் தூக்கி, டிரம்மின் பின்தகட்டில் ஷூவை உரசும் வரை இறுக்கி, லேசாகத் தளர்த்த வேண்டும். அதற்குப் பிறகே இரண்டு சக்கரங்களின் பிரேக்கையும் இழுக்கும் நடுக்கம்பி. தேய்ந்த ஷூவுக்கு நடுக்கம்பியை இழுத்து ஈடுகட்டும் மெக்கானிக், ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும் வண்டியைத் தந்து அனுப்புவார். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே கேபிளைப் பாலின் கழுத்தில் வெறுமனே சுற்றாமல், டோ பாரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். பால் கழன்றால் கேபிளும் கழன்றுவிடக் கூடாது.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம் இந்தப் பிரேக்குக்கு வைத்த தேர்வு. இறக்கம் முழுக்க டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஷூ உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். மேலேயே லாரிக்காரர்களைப் போல் வேகத்தைக் குறைத்து கியரை இறக்கி, எஞ்சின் பிடிப்பில் போக வேண்டும். நியூட்ரலில் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, புறங்கையைச் சக்கர மையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிச் சூடு என்றால் பிரேக். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வயதில்தான் சாகும்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 6 வருடம் ஆனால் டயரின் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். சக்கர நட்டுகளைக் கிளம்பிய 50 கி.மீ.யில் ஒருமுறை பாருங்கள்.

விளக்கு வயரிங்கில் ஒரு சிறு குறிப்பு. இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் கூடவே சிமிட்டுகிறதா? பல்பைத் தேட வேண்டாம். ஏழு முள் சாக்கெட்டின் 3-ஆம் முள், வெள்ளைக் கம்பி, எர்த் சரியில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த பல்பு வழியாகப் போகிறது. உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லைன் தடவி, இறுக்கினால் போதும். இண்டிகேட்டர் வேகமாக அடித்தால் எல்.இ.டி. பல்பு குறைந்த கரண்ட் இழுப்பதால் கார் பல்பு போச்சு என்று நினைக்கிறது. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு ஓடும் ரிலே மாட்யூல் போட வேண்டும். காரின் டெயில் விளக்குக் கம்பியைக் கடித்து ஒட்டுப் போடுவது புதிய கார்களில் கம்ப்யூட்டரையே கெடுக்கும்.

சட்டத்தில் பெரிதாகச் சுற்ற வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். வண்டியின் கட்டமைப்பை மாற்றுவது 52-ஆம் பிரிவில் வரும். கூரையில் நிரந்தரச் சட்டம் அடிப்பதைவிட மடக்கும் பேனல் மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது, தூங்கும் குழந்தையும்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பொங்கல் விடுமுறைக்கு வண்டி தயார் செய்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பேட்டரி வாங்கக் கடைக்குப் போவார்கள். அதில் மற்ற எதற்கும் இடமில்லாவிட்டாலும், பின்பெட்டி பற்றிய அந்த வரியைத் திருத்தி, குளியலறை எடை மெஷினும் மரக்கட்டையும் கொண்டு முன்பாரம் அளக்கும் முறையை ஒரு படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
அல்சூர், பெங்களூரு